தொடர்துறை, இடையழைப்பு, பிணக்கு: மூன்று சொற்களுக்கு ஒரு முன்மொழிவு

வணக்கம் நண்பர்களே,

கணினியில் பிட் பிட்டாகத் தரவு வந்துபோகும் இரண்டு சீரியல் போர்ட்டுகள் ஒன்றோடொன்று இடிப்பதை ஆங்கிலத்தில் ‘சீரியல் போர்ட் கான்ஃப்ளிக்ட்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்ற நம் குழுப் பேச்சில் ‘தொடர் முனைய மோதல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ‘தொடர் துறை முரண்பாடு’ என்றார் இன்னொருவர். ‘குறுக்கீட்டுக் கோரிக்கை மோதல்’ என்று மூன்றாவதாக ஒன்றும் வந்தது. மூன்றையும் இரண்டு நாளாக மனத்தில் போட்டுப் பார்த்தேன், மூன்றிலும் எனக்கு ஒப்புதல் இல்லை. காரணத்தைக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தச் சொல் சரியாக அமையாததால் வந்த வினையை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

1999 வாக்கில் நாமக்கல் பக்கம் ஓர் எடைமேடையில் கணினியைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. லாரி மேடையில் ஏறி நின்றதும் எடை காட்டும் பெட்டி, அந்த எடையை ஒரு கேபிள் வழியே கணினிக்கு விடாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். சீரியல் போர்ட்டுகளுக்குக் காம்1, காம்2 என்று பெயர். மவுஸ் காம்1-ல் இருந்தது, எடைப்பெட்டி காம்2-ல். ஒன்றரை வருடம் ஒரு தொல்லையும் இல்லை. அப்புறம் அன்றன்றைய கணக்கைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவதற்காக, உள்ளே பொருத்தும் மோடம் கார்டு ஒன்றைப் போட்டார்கள், அது காம்4 ஆக அமைந்தது. அன்று மாலையிலிருந்து மோடம் டயல் செய்யத் தொடங்கினாலே திரையில் எடை அப்படியே நின்றுவிடும். சில நேரம் நிற்காமல் ஓர் இலக்கம் மட்டும் விழுந்துபோகும். 24560 கிலோ என்று வரவேண்டியது 2460 என்று வந்து நிற்கும். லாரிக்காரர் ஒரு பக்கம், சரக்குக்காரர் ஒரு பக்கம், நடுவில் ரசீது போடுகிற அண்ணன்.

அந்த அண்ணனுக்கு நான் ஏற்கெனவே இரண்டு பக்கத்தில் தமிழில் ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்திருந்தேன். ‘குறுக்கீடு காரணமாக எடை நிற்கலாம்’ என்று அதில் ஒரு வரி. ஐஆர்க்யூவை, அதாவது சாதனம் செயலியைக் கூப்பிடும் ‘இன்டரப்ட் ரிக்வெஸ்ட்’டை, மனத்தில் வைத்துத்தான் எழுதினேன். அவரோ பிளஸ் டூவில் இயற்பியல் படித்தவர், குறுக்கீடு என்றதும் ஒரு சமிக்ஞையில் இன்னொன்று வந்து கலப்பது என்றுதான் எடுத்துக்கொண்டார். மேடைக்கு மேலே போகிற மின்கம்பியை அண்ணாந்து பார்த்தார், உள்ளே வலை சுற்றிய கேபிள் வாங்கி மாற்றினார், அதுவும் சரிவராமல் இன்னொரு கேபிளும் வாங்கினார். நான் போய்ச் சேர நான்கு நாள் ஆகிவிட்டது. கேபிளில் எந்தக் குறையும் இல்லை.

நடந்தது இதுதான். பழைய கணினிகளில் காம்1-ம் காம்3-ம் 4ஆம் எண் ஐஆர்க்யூவையும், காம்2-ம் காம்4-ம் 3ஆம் எண்ணையும் பயன்படுத்துவது வழக்கம். ஆகவே எடைப்பெட்டிக்கும் மோடத்துக்கும் அதே 3 வந்துவிட்டது. ஐஆர்க்யூ என்பது, சாதனம் ‘என்னிடம் ஏதோ வந்திருக்கிறது, கொஞ்சம் பாருங்கள்’ என்று செயலியைக் கூப்பிடுகிற கம்பி. செயலி செய்துகொண்டிருக்கும் வேலையை அப்படியே வைத்துவிட்டு வந்து, எழுத்தை எடுத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடரும். 9600 பாட் (வினாடிக்கு 9600 பிட்) வேகத்தில் ஓர் எழுத்து வந்து சேர ஏறத்தாழ ஒரு மில்லி வினாடி ஆகிறது. போர்ட்டைக் கவனிக்கும் பழைய 8250 சில்லில் வந்த எழுத்தை வைத்துக்கொள்ள ஓர் எழுத்துக்குத்தான் இடம், ஆகவே அடுத்தது வருவதற்குள் செயலி வந்து எடுக்கவில்லை என்றால் முந்தைய எழுத்து போச்சு. அண்ணனின் ரசீதில் காணாமல்போன அந்த 5 இப்படிப் போனதுதான். பின்னால் வந்த 16550ஏ சில்லில் 16 எழுத்துக்கு இடம் உண்டு, அதனால் அதற்கு இவ்வளவு நெருக்கடி இல்லை. ஐஎஸ்ஏ என்ற பழைய வகைக் கார்டுகளின் கோளாறு என்னவென்றால், கம்பியில் மின்னழுத்தம் ஏறுகிற அந்தக் கணத்தைத்தான் கணினி கவனிக்கிறது. ஒருவர் கம்பியை ஏற்றிப் பிடித்துக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் ஏற்றினால் அது தெரியவே தெரியாது. பிசிஐ என்ற அடுத்த வகைக் கார்டுகள் வந்தபிறகுதான் ஒரே கம்பியைப் பலர் ஒழுங்காகப் பகிர முடிந்தது.

தீர்வு பத்து நிமிட வேலை. மோடம் கார்டில் எண்ணைத் தேர்ந்தெடுக்க இருந்த ஜம்பர் என்ற சிறு செருகியைப் பிடுங்கி 5ஆம் எண்ணுக்கு மாற்றினேன். அந்தக் கணினியில் சவுண்ட் கார்டு இல்லை, ஆகவே 5 காலியாக இருந்தது. விண்டோஸில் சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரிலும் அதே எண்ணைக் கொடுத்தேன். அன்று மாலை மோடம் டயல் செய்தபோது எடை ஓடிக்கொண்டே இருந்தது.

இனிச் சொற்களுக்கு வருகிறேன்.

முதலில் துறை. ‘முனையம்’ வேண்டாம், அதை டெர்மினலுக்குக் கொடுத்துவிட்டோம். துறை என்றால் இலாகா என்று குழப்பம் வரும் என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். படித்துறை, துறைமுகம் எல்லாம் நம் வாயில் இன்னும் இருக்கிறபோது, ஏறி இறங்குகிற இடம் என்ற பொருள் செத்துப்போகவில்லை என்பது என் எண்ணம். ‘தொடர்’ என்பதையும் மாற்ற வேண்டாம், ஆனால் பிரித்து எழுதாமல் ‘தொடர்துறை’ என்று ஒரே சொல்லாக எழுதுவோம். ‘தொடர்கதை’ நமக்குப் பழகிய சொல். வாரம் ஒரு பகுதியாக, ஒன்றன்பின் ஒன்றாக வருவது. இங்கே பிட் ஒவ்வொன்றாக வருகிறது, அவ்வளவுதான் வேறுபாடு. அதே வினைத்தொகை என்பதால் நடுவில் ஒற்று மிகாது, ‘தொடர்த்துறை’ என்று யாரும் எழுத வேண்டாம். பல பிட்களை ஒரே நேரத்தில் அனுப்பும் பேரலல் போர்ட்டுக்கும் அப்படியே, கணக்குப் பாடத்தில் ‘இணைகோடு’ இருப்பதால் ‘இணைதுறை’.

அடுத்தது இன்டரப்ட். என் மனத்தை அதிகம் அரித்தது இதுதான். குறுக்கீடு என்ற சொல்லை இயற்பியல் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது. ஒளியின் குறுக்கீட்டு விளைவு என்று பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. வேறு எங்காவது என்றால் இரண்டு பாடத்துக்கும் ஒரு சொல் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விடலாம். ஆனால் தொடர்துறைக் கேபிளில் இரைச்சல் புகுவதும் உண்மையிலேயே நடக்கிற கோளாறு, ஐஆர்க்யூ இடிப்பதும் நடக்கிற கோளாறு, இரண்டும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து எழுதப்பட வேண்டியவை. அங்கே ஒரே சொல் இரண்டுக்கும் நின்றால் படிக்கிறவர் கேபிள் வாங்கத்தான் போவார். ‘இடைமறிப்பு’ என்றும் ஒருவர் சொன்னார். இடைமறிப்பது வழியில் தடுத்துப் பிடிப்பது, இங்கே யாரும் யாரையும் தடுக்கவில்லை.

நான் முன்வைப்பது ‘இடையழைப்பு’. வேலையின் இடையில் வருகிற அழைப்பு. இதில் இன்னொரு வசதியும் உண்டு. அழைப்பு என்பதிலேயே கேட்பது அடங்கியிருக்கிறது, ஆகவே ‘இன்டரப்ட் ரிக்வெஸ்ட்’ என்பதற்குக் ‘குறுக்கீட்டுக் கோரிக்கை’ போல ஒரு வாலைக் கட்ட வேண்டியதில்லை. ஐஆர்க்யூ 4 என்றால் ‘இடையழைப்பு 4’, கம்பியைக் குறிப்பிட வேண்டுமானால் ‘இடையழைப்புத் தடம்’. சொல் நல்ல சொல்லா என்று பார்க்க அதை நாலு வாக்கியத்தில் போட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது என் வழக்கம். ‘இந்தக் கார்டு இடையழைப்பு 3-ஐப் பகிர்கிறது.’ ‘இடையழைப்பு வந்தும் செயலி எடுக்கவில்லை.’ ‘இடையழைப்பு எண்ணை 5-க்கு மாற்றுங்கள்.’ எனக்கு எங்கும் தட்டவில்லை. போன வாரம் அந்த அண்ணனிடமே போனில் சொல்லிப் பார்த்தேன். கேட்டுவிட்டு, “அப்போ ரெண்டு பேருக்கும் ஒரே காலிங்பெல் வச்சிருந்தோமா அன்னைக்கு?” என்றார். அதேதான்.

மூன்றாவது கான்ஃப்ளிக்ட். மோதல் என்ற சொல் கணினிகளை இணைக்கும் ஈதர்நெட் வலையில் இரண்டு சட்டகங்கள் (தரவுப் பொட்டலங்கள்) ஒரே நேரத்தில் கம்பியில் வந்து இடித்துக்கொள்வதற்கு வேண்டும், அதை இங்கே செலவழிக்கக் கூடாது. முரண்பாடு என்றால் ஒன்று சொல்வதை இன்னொன்று மறுப்பது, இரண்டு துறைகள் ஒன்றையொன்று எதை மறுக்கின்றன? இரண்டு பேர் ஒரே பொருளுக்கு உரிமை கொண்டாடுகிறார்கள், அதுதான் நிலைமை. ஊரில் வரப்புக்கும் வாய்க்காலுக்கும் வருவது போன்ற சங்கதி. அதற்குப் ‘பிணக்கு’ என்ற சொல் இருக்கிறது. இலங்கையில் ‘கைத்தொழிற் பிணக்கு’ என்று சட்டத்திலேயே வழங்குகிறது. கம்பேட்டிபிள் என்பதற்கு ‘இணக்கமான’ என்று ஏற்கெனவே எழுதிக்கொண்டிருக்கிறோம், இணக்கத்துக்கு எதிர் பிணக்கு. இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது என்றே நினைக்கிறேன்.

ஆக, பொதுப்பெயர் தொடர்துறைப் பிணக்கு. அதற்குள் இடையழைப்புப் பிணக்கு ஒன்று, முகவரிப் பிணக்கு ஒன்று. முகவரி என்றால் செயலி ஒரு துறையை அணுகப் பயன்படுத்தும் எண். காம்4-ன் முகவரியான 2ஈ8-ஐச் சில பழைய எஸ்3 திரை கார்டுகளும் எடுத்துக்கொண்டன, அது இரண்டாவது வகை.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஆங்கிலத்தில் கான்ஃப்ளிக்ட் என்று எழுதியிருக்கிற எல்லாவற்றுக்கும் பிணக்கு என்று போட்டுக்கொண்டே போகக் கூடாது. எடைப்பெட்டியையோ ஜிபிஎஸ் கருவியையோ இணைத்துவிட்டு விண்டோஸைத் தொடங்கினால், சில நேரம் மவுஸ் அம்பு பேய் பிடித்ததுபோல் திரை முழுக்க ஓடும், தானே கிளிக் செய்யும். விடாமல் வருகிற எண்களைப் பார்த்து, ஏதோ சீரியல் மவுஸ் இணைத்திருக்கிறார்கள் என்று விண்டோஸ் நினைத்துக்கொள்வதால் வருவது இது. டிவைஸ் மேனேஜரில் ‘மைக்ரோசாஃப்ட் சீரியல் பால்பாயின்ட்’ என்று ஒன்று முளைத்திருக்கும். அதை நீக்கினால் அடுத்த முறை திரும்ப வந்துவிடும், முடக்கித்தான் வைக்க வேண்டும். இது பிணக்கே இல்லை, ஆள்மாறாட்டம். அந்தச் சொல்லையே போடலாம், யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, ஒரு துறையை இரண்டு நிரல்கள் கேட்பது. உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் இயங்குதளத்தில், யூஎஸ்பியைத் தொடர்துறையாக்கும் சிஎச்340 சில்லுள்ள மாற்றியைச் செருகினால், பார்வையற்றோருக்கான பிரெயில் கருவிகளைக் கவனிக்கும் பிஆர்எல்டிடிஒய் நிரல் அதைத் தன்னுடையது என்று எடுத்துக்கொள்ள, டிடிஒய்யூஎஸ்பி0 என்ற அந்தத் துறை வந்த வேகத்தில் மறைந்துபோன கதை உங்களில் பலருக்குத் தெரியும். இங்கே பயனருக்குத் தேவையானது பெயர்ச்சொல்லே அல்ல, யார் பிடித்திருக்கிறார்கள் என்கிற செய்தி. ‘துறைப் பயன்பாட்டுப் பிணக்கு ஏற்பட்டுள்ளது’ என்று எழுதுவதைவிட, ‘இந்தத் துறை வேறொரு நிரலின் பிடியில் உள்ளது’ என்று எழுதி, முடிந்தால் அந்த நிரலின் பெயரையும் காட்டலாம்.

மறுப்பு இருந்தால் தயங்காமல் எழுதுங்கள், குறிப்பாக இடையழைப்பு பற்றி. செயலிகள் பற்றிப் பாடம் நடத்துகிறவர்கள் யாராவது இதை வகுப்பில் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு வந்து சொன்னால் பெரிய உதவி. அப்புறம் ஒன்று பாக்கி இருக்கிறது. செயலி வந்து எடுப்பதற்குள் எழுத்து அழிந்துபோவதை ஓவர்ரன் என்கிறோமே, அதற்கு ‘மேல்வழிவு’ என்று எழுதலாமா என்றால் அது ஓவர்ஃப்ளோவுக்குப் போய்விட்டது. ‘எழுத்து இழப்பு’ என்று இப்போதைக்கு வைத்திருக்கிறேன், மனம் நிறையவில்லை.