புதுப்பிப்பு: ஆம்/இல்லை விருப்பங்களுக்குப் பெயர் முடிவாகிவிட்டது

முன்பு கேட்டது இதுதான்: மொரிஷியஸில், எபேனில் நாங்கள் சிலர் எழுதும் கட்டளைவரிக் கருவி ஒன்று, காவடி அறிவிப்புகளைத் தமிழிலும் பிரெஞ்சிலும் அச்சுக்கு அடுக்கித் தரும். ஓர விளிம்பை நீக்க உதவித்திரையில் '--நோ-மார்ஜின்', கையேட்டில் '--டிசேபிள்-மார்ஜின்', சோதனைகளில் '--மார்ஜின்=ஃபால்ஸ்'. மூன்றும் வேலை செய்தன. எதை வைத்துக்கொள்வது?

'நோ' முன்னொட்டுதான். நிரல் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் கருவியின் பயனர்களுக்கு அது பழகிய வடிவம். பைத்தான் 3.9 முதல், கட்டளைவரி விருப்பங்களைப் படிக்கும் அதன் ஆர்க்பார்ஸ் நூலகத்தில் உள்ள பூலியன்ஆப்ஷனல்ஆக்‌ஷன், ஒரே அறிவிப்பில் '--மார்ஜின்', '--நோ-மார்ஜின்' இரண்டையும் தந்துவிடுகிறது. நாளைக்கு இயல்புநிலை மாறினாலும் பெயரைத் தொட வேண்டாம்.

கோ நிரல்மொழிபோல '=ஃபால்ஸ்' வைக்கச் சொன்ன அண்ணனுக்கு: அங்கே சமக்குறி இல்லாமல் இடைவெளி விட்டு 'ஃபால்ஸ்' எழுத முடியாது. விருப்பத்துக்குப் பின் நட்சத்திரக்குறி போட்டால் அது கோப்புப் பெயர்களாக விரியும்; அப்போது 'ஃபால்ஸ்' என்ற பெயரில் கோப்பு இருந்தால் பொருளே மாறிவிடும் என்பது காரணம். நியாயம்தான், ஆனால் எங்கள் ஆட்களுக்குத் தட்டச்சு கூடுதல்.

தேடும்போது சிக்கிய வேடிக்கை வேறு. ஒரு சோதனையில் யாரோ '--நோ-மார்' என்று பாதியில் விட்டிருக்கிறார்கள். பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது! முழுப்பெயரின் முன்பகுதி தனித்து அடையாளம் தெரிந்தால் ஆர்க்பார்ஸ் ஏற்றுக்கொள்ளும். புதிதாக '--மார்க்கர்', அதோடு '--நோ-மார்க்கர்' சேர்த்ததும் எதைச் சொல்கிறாய் என்று கேட்டுப் படுத்துவிட்டது. இப்படிச் சுருக்கி எழுத விடும் 'அலவ்_அப்ரிவ்' அமைப்பு இப்போது ஃபால்ஸ்.

கையேட்டின் விருப்பப் பட்டியலை இனி உதவித்திரையிலிருந்தே எடுக்கிறோம். பழைய பெயர்கள் அடுத்த வெளியீடு வரை எச்சரிக்கையோடு ஓடும். செய்திகள் காட்டாமல் ஓடச் சொல்லும் '--குவயட்' மட்டும் எதிர்ப்பெயர் இல்லாமல் இருக்கட்டும். '--நோ-குவயட்' யாருக்கு வேண்டும்?