7 வயசு மகளுக்கு டைப் 1 சர்க்கரை: ஸ்கூல்ல லோ ஆனா என்ன பண்றது?

கேள்வி:
மகளுக்கு டைப் 1னு தெரிஞ்சு நாலு மாசம் ஆச்சு. வீட்ல ஊசி, டெஸ்ட் எல்லாம் பழகிடுச்சு, ஸ்கூல்தான் பயம். போன வாரம் பி.டி. முடிஞ்சு வந்தவ டெஸ்க்ல தலை சாஞ்சுட்டா. தூங்குறான்னு விட்டிருக்காங்க. அப்புறம் அவளே தலை சுத்துதுன்னு சொல்ல, மிஸ் தனியா சிக் ரூமுக்கு அனுப்பியிருக்காங்க. மாடிப்படி இறங்கி! அங்க டெஸ்ட் பண்ணிப் பார்த்தா சர்க்கரை 52தான். மிஸ் மேல கோபமில்ல, அவங்களுக்கு யார் சொல்லித்தந்தா? லோ ஆனா என்ன பண்ணணும்னு டாக்டர் எழுதித் தந்த நாலு பக்கத்தை ஆபீஸ்ல கொடுத்துட்டு வந்தது நான்தான். அது இன்னும் ஃபைல்லயே தூங்குது.

பதில் 1:
என் பையனுக்கு இப்ப 13, ஆறு வருஷமா இதே கதை. நாலு பக்கத்தை யாரும் படிக்கமாட்டாங்க. ஒரு அட்டை போதும். 70க்குக் கீழ போனா உட்கார்ந்த இடத்துலயே குளுக்கோஸ், நடக்க விடக்கூடாது. 15 கிராம்னு பொதுவா சொல்வாங்க, சின்னப் பிள்ளைக்குக் குறையலாம், டாக்டர்கிட்ட கேட்டு எழுதுங்க. 15 நிமிஷம் கழிச்சு மறுபடி டெஸ்ட். சாக்லேட் வேண்டாம், அதுல இருக்கிற கொழுப்பால சர்க்கரை மெதுவாத்தான் ஏறும்.

நினைவு தப்பினா வாயில எதுவும் ஊத்தக்கூடாது. ஒருக்களிச்சுப் படுக்க வச்சு குளுக்ககான் (சர்க்கரையை ஏத்துற அவசர ஊசி), ஆம்புலன்ஸ், கடைசியா உங்களுக்கு போன். வரிசை மாறக்கூடாது. எனக்கு முதல்ல போன் பண்ணிட்டு, நான் எடுக்கிறவரை கையைப் பிசைஞ்சு நின்னாங்க ஒரு தடவை.

பதில் 2:
நான் டீச்சர். எங்க பயம் அந்த குளுக்ககான் ஊசிதான், தப்பாப் போட்டுட்டா என்ன ஆகும்னு. ஒரு அம்மா தேதி முடிஞ்ச கிட்டைக் கொண்டுவந்து பவுடரைக் கரைக்கிறதுல இருந்து கைல கொடுத்து பழக்கினாங்க. போட்டா வாந்தி வரலாம், போடாம விடறதுதான் ஆபத்துன்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது. எடைக்குத் தகுந்து முழு டோஸா பாதியான்னு கிட் மேலயே எழுதிடுங்க. கிளாஸ் மிஸ் லீவ் போடுவாங்க, அதனால பி.டி. சாரையும் வேன் டிரைவரையும் சேர்த்துக்கோங்க. விளையாடின அன்னிக்கு பல மணி நேரம் கழிச்சும் இறங்கும், வேன்ல வரும்போதுகூட.

கேள்வி கேட்டவர்:
அட்டை எழுதிட்டேன். மக எட்டிப் பார்த்து, "நடக்க விடாதீங்கன்னு பெருசா போடும்மா"ன்னா. சிவப்புல போட்டாச்சு. வியாழக்கிழமை பி.டி. சாரைப் பார்க்கப் போறேன். வேன் டிரைவரை நான் யோசிக்கவே இல்ல.