மாணவர் பராமரிப்பு நிலையத்தில் வீட்டுப்பாட நேரத்தை எடுத்துக் கைவினைக்குக் கொடுக்கலாமா?

ஈசூன் அம்மா:
இங்கே சிங்கப்பூரில் மகன் தொடக்கநிலை 4. ஒன்றரை மணிக்குப் பள்ளி விட்டதும் பராமரிப்பு நிலையத்துக்குப் போவான். வேலை முடிந்து நான் கூட்டிவர ஏழு ஆகும். இந்தத் தவணையிலிருந்து புதனும் வெள்ளியும் வீட்டுப்பாட நேரம் கிடையாதாம். கைவினை, கோலம், ஐந்துகல் என்று மாற்றிவிட்டார்கள். நேற்றுக் காகிதத் தட்டில் பஞ்சு ஒட்டிய ஆட்டுக்குட்டியோடு வந்தான். கணக்குத் தாளில் ஒன்றுகூடப் போடவில்லை. எட்டரைக்குச் சாப்பாடு, ஒன்பதுக்குப் பின்னக் கணக்கு, பத்துக்கு இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர். மாதாமாதம் பணம் கட்டுவது பஞ்சு ஒட்டவா?

செங்காங் அப்பா:
அப்படிக் கேளுங்கள் அக்கா. 2023 வந்தபோது எந்த வகுப்புக்கும் அரையாண்டுத் தேர்வு இல்லை என்றாகிவிட்டது, சரி. தொடக்கநிலை 6 முடிவில் வரும் பி.எஸ்.எல்.இ. தேர்வு மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறதே! கோலம் போட்டால் கணக்கில் ஏ.எல். 1, அதுதான் மிக உயர்ந்த தரம், கொடுப்பார்களா?

நிலையத்து அக்கா:
நான் வேறொரு நிலையத்தில் வேலை பார்க்கிறேன். காலை ஏழரையிலிருந்து நாற்காலியில் உட்கார்ந்த பிள்ளையை மதியம் இரண்டரைக்கு மறுபடி உட்கார வைத்துப் பாருங்கள், தெரியும். அழிப்பானைத் துண்டு துண்டாகப் பிய்த்துக்கொண்டிருக்கும்.

கோலம் என்றதால் சொல்கிறேன். போன மாதம் சுண்ணக்கட்டியால் தரையில் 7 புள்ளி, 4 வரை, இடுக்குப் புள்ளி வைத்தோம். மாவு வேண்டாம், எறும்பு வரும், துப்புரவு அக்காவும் திட்டுவார். மொத்தம் எத்தனை புள்ளி என்று கேட்டேன். எல்லாரும் விரல் வைத்து எண்ணினார்கள். ஒருத்தி மட்டும் எண்ணவில்லை. "நடுவில 7. மேல 6, 5, 4. கீழயும் அதே. பதினஞ்சு ரெண்டு முப்பது, அதோட ஏழு" என்றாள். 37. வகுத்தல் கணக்கு என்றாலே வயிற்றுவலி வரும் பிள்ளை அவள்.

செங்காங் அப்பா:
ஒருத்தி சொன்னாள், மகிழ்ச்சி. விரல் வைத்து எண்ணிய மற்ற பிள்ளைகள்?

நிலையத்து அக்கா:
எண்ணித்தான் முடித்தார்கள். பொய் சொல்ல மாட்டேன்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
ஈசூன் அம்மாவிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்த ஆட்டுக்குட்டியின் காதை வெட்டியது யார்? சுவரில் இருபது ஆடும் ஒரே மாதிரி தொங்கினால் அதில் பிள்ளையின் கற்பனை எங்கே இருக்கிறது? பொட்டலத்தைப் பிரித்து ஒட்டும் வேலை அது. அதற்குக் கணக்கே போடலாம்.

ஒரு முறை பல்லாங்குழிப் பலகையைக் கொண்டுபோய், விதி எதுவும் சொல்லாமல் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டேன். மலாய்ப் பையன் ஒருவன் பார்த்ததும் "சொங்காக்!" என்றான். பக்கத்துக்கு ஏழு குழி, அதுவரை இரண்டும் ஒன்றுதான். ஆனால் அவன் ஆட்டத்தில் இரண்டு முனையிலும் காய் சேர்க்க ஆளுக்கொரு பெரிய குழி, 'வீடு', உண்டு. இதில் வீடு எங்கே என்று சண்டை. நம் பையன்களுக்கு விதி தெரியாது, தோற்கவும் மனமில்லை. பாட்டியிடம் கேட்டு வருகிறோம் என்று போனார்கள். மறுநாள் வந்து, குழியில் நாலு சோழி சேர்ந்தால் அது 'பசு', எடுத்துக்கொள்ளலாம் என்று நீட்டி முழக்கினார்கள். வீடு இருக்கிற விதி, பசு இருக்கிற விதி இரண்டையும் ஒரு தாளில் எழுதி, ஒரு நாள் இது, ஒரு நாள் அது என்று முடிவு செய்தார்கள். நான் வாயே திறக்கவில்லை. (திறக்காமல் இருப்பதுதான் கஷ்டம்.)

ஈசூன் அம்மா:
ஐயா, கேட்டுவிட்டேன். காது, கால் எல்லாம் வெட்டியே வந்ததாம். கண்ணை ஒட்டியதும் ஆசிரியர்தானாம், கோணலாக ஒட்டிவிடுவான் என்று!

நிலையத்து அக்கா:
நாங்களும் பொட்டலம் வாங்குகிறோம், மறைப்பானேன். இருபது சொச்சம் பிள்ளைகளுக்கு நான் ஒருத்தி. கத்தரிக்கோலைக் கொடுத்த அன்று ஒருவன் பக்கத்துப் பிள்ளையின் பின்னலில் கை வைத்துவிட்டான். வெட்டி வந்தால் பெருக்குகிற வேலையும் குறைவு. ஆனால் நேரத்தைச் சரிசெய்யலாம் அக்கா. சாப்பிட்டதும் ஒரு மணி நேரம் கைவேலை, நாலிலிருந்து ஐந்தரை வரை வீட்டுப்பாடம். எங்கள் நிலையத்தில் அப்படித்தான். கைவேலைக்காக வீட்டுப்பாடத்தை அடியோடு எடுத்தது தப்பு.

செங்காங் அப்பா:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் சண்டைக்கே வந்திருக்க மாட்டேன். ஆனாலும் தொடக்கநிலை 6 பிள்ளைகளை விட்டுவிடுங்கள்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
அவர்களுக்குத்தான் தம்பி முதலில் வேண்டும்.

செங்காங் அப்பா:
ஐயா, உங்கள் பேரன் 6 படிக்கும்போது பேசுவோம்.

ஈசூன் அம்மா:
நேரத்தை மாற்றச் சொல்லி நிலையத்துக்கு எழுதியிருக்கிறேன், விடுமுறைக்குப் பிறகு சொல்கிறார்களாம். அந்த 37 புள்ளிக் கதையை மகனிடம் சொன்னது என் தப்பு. வீட்டு வாசலில் இடம் போதுமா என்று அடிக்கோலால் அளந்துகொண்டிருக்கிறான். பின்னக் கணக்கு இன்னும் நாலு பாக்கி.