மூலைமட்டமும் கவராயமும்: ஒரு கிராமத்து பப் அனுபவம்

நடைராசா:
இங்கிலாந்தின் டார்செட் கடலோரம் நாள் முழுக்க நடந்துவிட்டு, சாயங்காலம் வொர்த் மாட்ராவர்ஸ் கிராமத்துக்கு ஏறி வந்தோம். அங்கே ஸ்கொயர் அண்ட் காம்பஸ் என்று ஒரு பப். அதாவது மூலைமட்டமும் கவராயமும். பர்பெக் கல் வெட்டும் பகுதி அது. கல்தச்சர்களின் கருவிகளே கடைக்குப் பெயராகிவிட்டன. 1907 முதல் ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிறது.

உள்ளே பார் கவுண்டரே இல்லை. ஒடுக்கமான நடை, சுவரில் ஜன்னல் மாதிரி ஒரு திறப்பு. ரேஷன் கடை போல வரிசையில் நின்றோம். பீரைப் பீப்பாயில் இருந்து நேராகக் கிளாஸில் பிடித்துத் தருகிறார்கள். நான் சைவம், அதனால் காய்கறி பேஸ்டியும் (மடித்த மாவுக்குள் பொதிந்து சுட்டது) ஒன்று வாங்கிக்கொண்டேன்.

முதல் வாய் குடித்ததும் சந்தேகம். சில்லென்று இல்லை, நாக்கில் சுள்ளென்று ஏறவும் இல்லை. கெட்டுப்போனதோ? பக்கத்து மேசைப் பெரியவர் என் முகத்தைப் பார்த்தே சிரித்துவிட்டார். ரியல் ஏல் என்ற இந்தப் பழைய முறை பீர் இப்படித்தானாம்: பீப்பாய்க்குள் ஈஸ்ட் இன்னும் உயிரோடு இருக்கும், வெளியிலிருந்து வாயு ஏற்ற மாட்டார்கள், 11 முதல் 13 டிகிரிதான் பதம். உலோக உருளையில் வாயு ஏற்றி வரும் கெக் பீர் இதை விழுங்கிவிடாமல் இருக்கத்தான் 1971இல் காம்ரா என்ற இயக்கமே தொடங்கினார்களாம். சரி என்று மெதுவாகக் குடித்தேன். பாதி கிளாஸில்தான் மால்ட்டின் (முளைகட்டிய பார்லி) இனிப்பும் ஹாப்ஸ் பூவின் கசப்பும் தனித்தனியாகப் பிடிபட்டன. அப்புறம் இன்னொன்று வாங்கினேன்.

வெளியே கல்பலகை மேசைகள், தூரத்தில் கடல். பேஸ்டியின் ஓரத்தை ஒரு கோழி கொத்திக்கொண்டு ஓடியது. பக்கத்து அறையில் புதைபடிவ அருங்காட்சியகம் வேறு.

பீப்பாய்க்காரன்:
படிக்கும்போது வேறொரு கிராமத்து பப்பில் பகுதிநேர வேலை பார்த்தேன். ஒரு ஃபர்கின் பீப்பாய் என்றால் 9 காலன், 72 பைன்ட் (ஒரு பைன்ட் அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல்). மேல் துளையில் மெல்லிய மரக்குச்சியை அடித்து இறக்கினால் மிச்ச வாயு புஸ்ஸென்று வெளியேறும். முதல் நாள் என் சட்டையெல்லாம் நுரை. அடுத்த வாரம், ஈஸ்ட் அடியில் படிந்திருந்த பீப்பாயைத் தெரியாமல் உருட்டிவிட்டேன். அத்தனையும் குளத்துத் தண்ணீர் போலக் கலங்கல். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை, முறைத்ததோடு சரி.

சைவக்காரர்களுக்கு ஒரு தகவல்: பீர் சீக்கிரம் தெளிய, மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசையைச் சேர்ப்பது பல இடங்களில் வழக்கம். இப்போது சேர்க்காத ஏலும் கிடைக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

நடைராசா:
அடப்பாவி. நான் குடித்தது இரண்டு பைன்ட்.