செம்பருந்து தண்ணீர்ப் பக்கம் இறங்கினால் ஃபோகஸ் போய்விடுகிறது, வழி சொல்லுங்கள்

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் இருக்கிறேன். காலையில் விசைப்படகுகள் கரைக்கு வந்து மீன் பிரிக்கும்போது செம்பருந்துகள் தலைக்கு மேலேயே சுற்றும், மிதக்கிற கழிவு மீனைக் காலால் அள்ளிப் பறந்தபடியே தின்னும், அதைத்தான் ஒரு மாதமாக எடுக்கப் பார்க்கிறேன்.

300 எம்எம் லென்ஸ், ஷட்டர் 1/2000, தொடர் ஃபோகஸ். வானம் பின்னால் இருந்தால் சிக்கல் இல்லை. பறவை தண்ணீரை நோக்கிச் சரிந்ததும் ஃபோகஸ் அலைக்குத் தாவிவிடுகிறது. நடு ஃபோகஸ் புள்ளி மட்டும் வைத்துப் பார்த்தேன், பறவையே அதற்குள் நிற்கவில்லை. சுற்றுப்புள்ளிகளையும் சேர்ப்பதா, ஃபோகஸ் தாவும் வேகத்தைக் குறைப்பதா?

அப்புறம் வெளிச்சம். வெள்ளைத் தலை வெளுத்துவிடுகிறது, குறைத்தால் செம்பழுப்பு இறக்கை கறுத்துவிடுகிறது. அதோடு இது கச்சான் (மேல்காற்று) காலம், பறவை காற்றை எதிர்த்து மேற்கே பார்த்தே மிதக்கிறது, காலை வெயில் முதுகில்தான் விழுகிறது. மாலையில் போனால் படகு இல்லை, பருந்தும் இல்லை!

மீன் வீசி வரவழைக்கும் யோசனை மட்டும் வேண்டாம், எனக்குப் பிடிக்காது. குளிர்காலத்தில் விரால் அடிப்பான் (மீன் பிடிக்கும் வலசைப் பருந்து, ஆஸ்ப்ரே) வருவதற்குள் கை பழக வேண்டும். இந்தக் கடற்கரையில் எடுத்தவர்கள் யாராவது உங்கள் கேமரா அமைப்பைச் சொல்வீர்களா?