மறு: ஐஸ் ஹாக்கி ‘டிஃபென்ஸ்மேன்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஐஸ் ஹாக்கியில் கோல்காப்பாளருக்கு முன்னால் நின்று எதிரணியைத் தடுக்கும் இருவரில் ஒருவர்தான் ‘டிஃபென்ஸ்மேன்’. அவரைத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற கேள்விக்கு இந்த இழையில் இதுவரை ‘தடுப்பாட்டக்காரர்’, ‘பின்கள வீரர்’ என்று இரண்டு சொற்கள் வந்திருக்கின்றன. இரண்டும் கால்பந்துச் செய்திகளில் பழகியவை, அங்கே எனக்கு மறுப்பு இல்லை. ஐஸ் ஹாக்கிக்கு இரண்டுமே போதாது என்று நினைக்கிறேன். அந்த இடத்தில் ஆடியவர்களின் ஆட்ட வாழ்க்கையைப் பார்த்தால் காரணம் விளங்கும்.

முதலில் பாபி ஓர். கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தின் பாரி சவுண்ட் ஊரில் 1948இல் பிறந்தவர். 18 வயதில் பாஸ்டன் புரூயின்ஸ் அணிக்குள் வந்தார். பக்கை (மட்டையால் அடித்து ஆடும் ரப்பர் வட்டு) பறித்ததும் முன்னால் இருப்பவருக்குத் தள்ளிவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்புவதுதான் அன்று பெரும்பாலான டிஃபென்ஸ்மேன்களின் வேலை. பாபி ஓர் அதைத் தானே எடுத்துக்கொண்டு தளம் முழுக்கச் சறுக்கிப் போய் எதிரணியின் கோல் வாயில் நின்றார். 1969–70 பருவத்தில் 33 கோல், 87 கோல் உதவி, ஆக 120 புள்ளி. வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.லில் அந்தப் பருவத்தின் அதிகப் புள்ளிக்கான ஆர்ட் ராஸ் கோப்பை அவருக்கே கிடைத்தது, 1974–75இல் மறுபடியும் கிடைத்தது. வேறு எந்த டிஃபென்ஸ்மேனும் இன்றுவரை அதை வாங்கியதில்லை.

சரி, இப்படி முன்னால் ஓடியவர் பின்னால் ஓட்டை விட்டாரா? அதற்கும் கணக்கு இருக்கிறது. ஒருவர் தளத்தில் இருக்கும்போது அவர் அணி போட்ட கோல்களிலிருந்து வாங்கிய கோல்களைக் கழித்தால் வருவதுதான் பிளஸ்-மைனஸ். எதிரணி ஆள் தண்டனையில் வெளியே இருக்கும்போது போடும் ‘பவர்பிளே’ கோல்கள் சேராது. 1970–71இல் ஓரின் எண் பிளஸ் 124. அரை நூற்றாண்டு கடந்தும் அதை யாரும் தாண்டவில்லை. சிறந்த டிஃபென்ஸ்மேனுக்கான நாரிஸ் கோப்பையைத் தொடர்ந்து 8 முறை வென்றார். இவரைத் ‘தடுப்பாட்டக்காரர்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நாரிஸ் கோப்பையே அந்த இடத்தில் எல்லாத் திறமையும் ஒருங்கே காட்டியவருக்குத்தான், தடுத்ததற்கு மட்டும் தருவதில்லை.

இடது முழங்கால் அவரை நிறுத்திவிட்டது. அறுவை மேல் அறுவை, கடைசியில் சிகாகோ அணிக்காகச் சில ஆட்டங்கள், 1978இல் ஓய்வு. மொத்தம் 657 ஆட்டங்கள்தான். வழக்கமான காத்திருப்புக் காலத்தைத் தள்ளுபடி செய்து 1979இல் ஹாக்கி புகழ்மன்றத்தில் சேர்த்தார்கள். அப்போது அவருக்கு வயது 31.

அதே 31 வயதில்தான் நிக்லாஸ் லிட்ஸ்ட்ரோம் தன் முதல் நாரிஸைத் தொட்டார்! ஸ்வீடன்காரர். அணிகள் புது வீரர்களை முறைவைத்து எடுக்கும் 1989 தேர்வில் டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அவரை 53ஆவது ஆளாகத்தான் எடுத்தது. 1991 முதல் 2012 வரை அந்த ஒரே அணிக்கு 20 பருவங்கள், 1,564 ஆட்டங்கள், 4 ஸ்டான்லி கோப்பைகள் (என்.எச்.எல். சாம்பியன் அணிக்குத் தருவது), 7 நாரிஸ். இத்தனை ஆட்டத்திலும் தண்டனையாக வெளியே உட்கார்ந்தது மொத்தம் 514 நிமிடம். எதிரியை இடித்துச் சாய்க்காமல், அவன் எங்கே வருவான் என்று முன்பே கணித்து, மட்டையைச் சரியான இடத்தில் வைத்தே வழியை அடைத்துவிடுவார். பறித்த பக்கை அடுத்த நொடியில் சரியான ஆளிடம் சேர்ப்பார். எனக்கு ஓரைவிட இவர் ஆட்டம்தான் அதிகம் பிடிக்கும்.

நியூ ஜெர்சி அணியின் ஸ்காட் ஸ்டீவன்ஸ் இதற்கு நேர் எதிர். இடித்து நிறுத்துவதில் அவருக்குப் பயப்படாத முன்கள வீரர் குறைவு. மூன்று ஸ்டான்லி கோப்பைகள் வென்றும் நாரிஸ் ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை.

இந்த மூவருக்கும் பொருந்தும் ஒரு சொல் வேண்டும்.

‘பின்கள வீரர்’ ஏன் கூடாது? ஐஸ் ஹாக்கித் தளத்தை இரண்டு நீலக்கோடுகள் மூன்று பகுதிகளாகப் பிரிக்கின்றன. தன் அணி தாக்கும்போது டிஃபென்ஸ்மேன் இருவரும் எதிரணியின் நீலக்கோட்டுக்கு உள்ளே போய் நிற்பார்கள், அதாவது தங்கள் கோலிலிருந்து நூறு அடிக்கும் மேல் தள்ளி. பக் அந்தக் கோட்டைத் தாண்டி வெளியே போனால் அணி முழுவதும் வெளியே வந்துதான் மறுபடி நுழைய முடியும். அதனால் கோட்டைக் காப்பது அவர்கள் பொறுப்பு. அந்த நேரத்தில் அவர்களைப் ‘பின்கள’ வீரர் என்றால் படிப்பவர் களத்தின் தவறான மூலையைப் பார்ப்பார்.

‘பின்வரிசை’யும் ஆகாது. கிரிக்கெட்டில் அது கடைசியாக மட்டை பிடிப்பவர்களுக்குப் போய்விட்டது.

என் முன்மொழிவு ‘அரணர்’. அரண் என்றாலே ஒளிந்துகொள்ளும் இடம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். குறளில் அரண் அதிகாரத்தின் முதல் குறளே, படையெடுத்துப் போகிறவர்களுக்கும் அரண் வேண்டும், அஞ்சித் தங்களைக் காத்துக்கொள்கிறவர்களுக்கும் வேண்டும் என்கிறது. தாக்குதலுக்கும் காவலுக்கும் ஒரே அடித்தளம். ஓர், லிட்ஸ்ட்ரோம், ஸ்டீவன்ஸ் மூவரும் இதில் அடங்குகிறார்கள். ஆண், பெண் இருவருக்கும் பொதுவான சொல் என்பது இன்னொரு வசதி, மகளிர் ஐஸ் ஹாக்கிச் செய்திக்கும் தனிச்சொல் தேட வேண்டியதில்லை.

ஒரு தடை தெரிகிறது. பேச்சில் ண, ன வேறுபாடு மங்கும்போது சிவபெருமானைக் குறிக்கும் ‘அரன்’ நினைவுக்கு வரலாம். விளையாட்டுச் செய்தியின் சூழலில் அந்தக் குழப்பம் நிற்காது என்பது என் கருத்து. அப்படியும் தயக்கம் இருந்தால் ‘அரணாளர்’ என்று நீட்டலாம், ஆனால் நேர்முக வருணனையில் குறுகிய சொல்தான் நாக்கில் ஓடும்.

இவர்கள் பெரும்பாலும் இருவர் இருவராகவே தளத்தில் இறங்குவதால் ‘அரண் இணை’ என்ற தொடரும் தேவைப்படும். சேர்த்து எழுதினால் ‘அரணிணை’ என்று கண்ணை உறுத்துகிறது, பிரித்தே எழுதலாம். பக், பவர்பிளே இரண்டையும் அப்படியே விடலாம்.

அப்புறம், தாக்கும்போது நீலக்கோட்டருகே அரணர் நிற்கும் இடத்தை ஆங்கிலத்தில் ‘பாயிண்ட்’ என்கிறார்கள். கிரிக்கெட்டிலும் அந்தப் பெயரில் ஓரிடம் இருப்பதால் அப்படியே எழுதத் தயங்குகிறேன். ‘கோட்டுமுனை’ சரிவருமா? கட்டுரைப் படிவத்தில் இப்போதைக்கு அதைப் போட்டு வைத்திருக்கிறேன். மாற்றுச் சொல் இருப்பவர்கள் இந்த வாரத்துக்குள் எழுதினால் சேர்த்துவிடலாம்.