தங்கவயலுக்குப் போனால் முதலில் லைன் வீடுகளுக்குப் போங்கள்

வெள்ளைக்காரன் காலத்துச் சுரங்க ஊர்களைப் பார்க்கப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் நம் வேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள், ஜார்க்கண்ட் வரைக்கும் திட்டம் போடுகிறார்கள். காட்பாடியில் காலையில் ரயில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குள் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய, கர்நாடகத்துக் கோலார் தங்கவயலை விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதில் நிறைய வருத்தம் உண்டு. அந்த ஊரைத் தோண்டியவர்களில் பெரும்பங்கு வட ஆற்காடு, சித்தூர், சேலம் மாவட்டங்களிலிருந்து போன ஏழைச் சனங்கள். அதிலும் நிலமில்லாத தலித் குடும்பங்கள்தான் அதிகம்.

வழி சுலபம். காட்பாடியிலிருந்து குடியாத்தம், ஆம்பூர், ஜோலார்பேட்டை, குப்பம் தாண்டி பங்காருப்பேட்டையில் இறங்கி, மாரிக்குப்பம் ரயிலுக்கு மாற வேண்டும். சுரங்கத்துக்காகவே 1894இல் போட்ட கிளைப்பாதை அது. கோரமண்டல், உரிகம், சாம்பியன் என்று ஸ்டேஷன் பெயர்கள் பெரும்பாலும் சுரங்கப் பெயர்களாக வரும். பஸ்ஸில் போகிறவர்கள் பேர்ணாம்பட்டு, வி.கோட்டா வழியாகவும் போகலாம். நான் ரயிலைத்தான் சொல்வேன். அந்த ரயிலில்தான் மனிதர்கள் கிடைக்கிறார்கள்.

எனக்கும் அப்படித்தான் ஒரு தாத்தா கிடைத்தார். முதுகுப் பையைப் பார்த்துவிட்டு, "எந்த ஊர் தம்பி?" என்று கேட்டார். குடியாத்தம் என்றேன். உடனே இருக்கையில் நகர்ந்து இடம் கொடுத்தார். "எங்க பாட்டனுக்குப் பேர்ணாம்பட்டுப் பக்கம். பஞ்சத்துல பொழைக்க வந்தவரு. எங்கப்பா சுரங்கம், நானும் சுரங்கம்" என்றார். இறங்கியதும் நான் சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டுக்கு வழி கேட்டேன். "அது எங்கியும் போவாது. மொதல்ல வீட்டுக்கு வா, ஒரு டீ குடி" என்று கூட்டிப்போனார்.

லைன் என்பது வரிசை வரிசையாகத் தொழிலாளிகளுக்குக் கம்பெனி கட்டிக்கொடுத்த குடியிருப்பு. தொடக்கத்தில் வெறும் மூங்கில் தட்டிச் சுவர்தான். தாத்தாவின் வீட்டில் முன்னறை ஒன்று, சமையலுக்கு ஒன்று, அவ்வளவுதான். நாலு பேர் உட்கார்ந்தால் ஐந்தாவது ஆள் நிற்க வேண்டும். அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் ஆங்கிலேய அதிகாரிகளின் பங்களாக்களும் கிளப்பும் வருகின்றன. ஒவ்வொரு பங்களாவையும் சுற்றிக் கிடக்கிற தோட்டத்தில் ஒரு லைனே அடங்கிவிடும். 'குட்டி இங்கிலாந்து' என்று அந்த ஊரைப் பெருமையாகச் சொல்வார்கள். லைனைப் பார்த்துவிட்டுப் பங்களாவுக்குப் போனால்தான் அந்தப் பெயர் யாருக்குப் பொருந்தும் என்பது புரியும்.

பரண்மேலிருந்து தாத்தா தன் சுரங்கத் தொப்பியை எடுத்துக் காட்டினார். நெற்றிப் பக்கம் விளக்கு மாட்டுகிற கொக்கி, உச்சியில் ஒரு நசுங்கல், உள்ளே வியர்வையில் கறுத்துப்போன தோல் பட்டை. பட்டையில் மையால் எழுதிய அவர் பெயர் பாதி அழிந்திருந்தது. நசுங்கலை விரலால் தடவியபடியே 'ஏர் பிளாஸ்ட்' பற்றிச் சொன்னார். ஆழத்தில் பாறையைக் குடைந்து எடுக்க எடுக்க, மேலிருக்கும் மலையின் பாரம் தாங்காமல் சுவர்ப் பாறை வெடித்துச் சிதறும். வெடிமருந்து வைக்காமலே வெடிக்கும். சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போயிருந்தது. அங்கே பாறையே கையை வைக்க முடியாத சூடு. பாட்டி குறுக்கே வந்து, "இங்க அடுக்குல பாத்திரம் ஆடும் தம்பி. ஆடினா அடுப்ப அப்படியே உட்டுட்டு, சுரங்கத்துல எறங்குற ஷாப்ட்டாண்ட ஓடுவோம். மேல வர்ற ஒவ்வொரு மூஞ்சியா பாத்துக்கினு நிப்போம்" என்றார். சொல்லும்போது அவர் தாத்தாவைப் பார்க்கவில்லை.

சரி, ஊரின் கதையையும் கொஞ்சம் தெரிந்துகொண்டு போவது நல்லது. ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்ற லண்டன் கம்பெனி 1880இல் இறங்கியது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து காவிரி மின்சாரம் இங்கே வந்தது. பெங்களூரில் விளக்கு எரிந்தது 1905இல்தான். அந்த வெளிச்சம் முதலில் இயந்திரத்துக்கும் பங்களாவுக்கும் போனது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்துத் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். குற்றவாளிபோல ரேகை வைக்கச் சொல்வதா என்ற ரோஷம் அதில் இருந்தது. தலித் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கம் மாரிக்குப்பத்தில் வேர்பிடித்ததும், அவர் நடத்திய 'தமிழன்' இதழ் அவருக்குப் பிறகு 1920களில் இங்கிருந்து அப்பாதுரையாரால் மறுபடி வந்ததும் அதே ரோஷத்தின் இன்னொரு பக்கம் என்று நான் நினைக்கிறேன். பகல் முழுக்கப் பாறை உடைத்தவர்கள் ராத்திரி விளக்கில் பத்திரிகை படித்த ஊர் இது. 1965இல் வளிமண்டல நியூட்ரினோ என்ற மிக நுண்ணிய துகளைக் கண்டறிந்த ஆய்வும் இந்தச் சுரங்கத்தின் ஆழத்தில்தான் நடந்தது.

ஊருக்குக் குடிதண்ணீர் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து போனது. அந்த ஏரி பாலாற்றில் கட்டியது. ஆமாம், நம் பாலாறேதான்!

2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். ஒரு டன் பாறைக்குக் கிடைக்கிற தங்கம் சில கிராமாகக் குறைந்து, எடுக்கிற செலவு விற்கிற விலையைத் தாண்டிவிட்டது. இன்றைக்கு அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் விடியுமுன் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் ராத்திரி திரும்புகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை போனீர்களானால் அவர்களும் வீட்டில் இருப்பார்கள், பேசலாம்.

சயனைடு மேடுகளைச் சாயங்காலம் பார்த்தேன். அரைத்த பாறையில் சயனைடு கரைசலை விட்டுத் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய சக்கை மண், மலைபோல வளர்ந்து நிற்கிறது. படம் எடுக்க அழகாகத்தான் இருக்கும். காற்றடிக்கும் நாளில் அதே தூசுதான் லைன் வீடுகளின் சோற்றில் விழுகிறது. மேலே ஏறாதீர்கள், காற்றுக் காலத்தில் கிட்டேயும் போகாதீர்கள்.

அப்புறம், ஷாப்ட்டுகளுக்குள் போக முடியாது. அவற்றின் மேலே நிற்கும் இரும்புக் கோபுரத்தை வெளியே நின்று பார்க்கலாம். வீடுகளைப் படம் எடுக்குமுன் ஒரு வார்த்தை கேளுங்கள். ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் பழம் கொஞ்சம் வாங்கிக்கொண்டு போனால் நல்லது, வெறுங்கையோடு போக வேண்டாம். வீட்டுப் பெரியவர்களிடம் முன்னாடியே விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். குடியாத்தம், ஆம்பூர்ப் பக்கத்தில் பல வீடுகளில் தங்கவயலுக்குப் போன பெரியப்பாவோ அங்கே வாழ்க்கைப்பட்ட அத்தையோ இருப்பார்கள். எந்த லைன் என்று பெயர் தெரிந்தால் போதும், மாரிக்குப்பம் ஸ்டேஷனில் யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள்.